ரெண்டாவது நம்பர்

துளசிராமனுக்கு வயிற்றுவலி வந்த அன்றைக்கே அதற்குக் காரணம் யார் என்று குணசுந்தரி முடிவு கட்டிவிட்டாள். டாக்டர் கண்ணில் அவன் படத்தான் மாதக்கணக்கில் ஆனது. அவர் கண்டுபிடித்தது ஒன்று, இவள் கண்டுபிடித்தது ஒன்று. ஆஸ்பத்திரியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நம்பராக எழுதினார்கள். அந்த இரண்டு நம்பரும் சேர்ந்து அந்த வீட்டை என்ன பாடு படுத்தின என்பதுதான் கதை.

ஆரம்பாக்கத்தில் ரயில் பாதைக்குக் கிழக்கே பரசுராமனுக்கும் தம்பி துளசிராமனுக்கும் ஒட்டினாற்போல நெல் நிலம். அப்பன் போனதும் பிரித்துக்கொண்டார்கள். கிணறு மட்டும் பொது. அண்ணன் பங்குக்குத் தண்ணீர் தானாக ஓடும், தம்பி பங்கு மேடு. அண்ணன் பெண்டாட்டி குப்பம்மாளும் குணசுந்தரியும் தண்ணீர் முறைக்காக ஒருநாள் வாய்க்கால் வரப்பில் நின்று ஒருத்தி வண்டவாளத்தை ஒருத்தி இழுத்துப் போட்டார்கள். அதோடு பேச்சு நின்றது. ஆண்பிள்ளைகள் இருவரும் வழக்கம்போல ஒரே பீடிக்கட்டில் பீடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண்டுகள் சண்டையை அவர்கள் காற்று மழை மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

மழை ஏமாற்றிய வருஷத்தில் துளசிராமன் கம்பெனிக்குப் போனான். கும்மிடிப்பூண்டியைச் சுற்றி வயலை வளைத்து ஷெட்டு போட ஆரம்பித்திருந்த காலம். அவன் சேர்ந்த ஷெட்டுக்கு லாரி லாரியாகப் பழைய பேட்டரி வரும். வெளியே பெண்டுகள் சுத்தியலால் உடைத்து உள்ளே இருக்கும் பிளேட்டை எடுத்துப் போடுவார்கள். உள்ளே இரும்புச் சட்டியில் அதை உருக்குவார்கள். சட்டிக்கு முன்னால் நின்று நீளக் கரண்டியால் மேலே மிதக்கும் கசடை வழிப்பவன் துளசிராமன். ஷெட்டுக்கு ஜன்னல் கிடையாது. புகை கண்ணை விட்டு மூக்குக்கும் மூக்கை விட்டு நெஞ்சுக்கும் போகும். மத்தியானம் கையை லுங்கியில் துடைத்துவிட்டு அங்கேயே குந்தித் தூக்குப்போசியைத் திறப்பான். பழைய சோற்றின்மேல் சாம்பல் நிறத்தில் பொடி படியும். ஊதிவிட்டுச் சாப்பிடுவான்.

"இன்னா வேலை உனுக்கு?" என்று குணசுந்தரி கேட்டால், "பிளேட்டு காச்சறேன்" என்பான்.

"பிளேட்டுன்னா சோறு துன்ற பிளேட்டா?"

"அத்த காச்சுனா சோத்த எதுல துன்றது?" என்று சிரிப்பான். கம்பெனியில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். பிளேட்டு என்பது என்ன உலோகம் என்று அவனும் வீட்டில் சொன்னதில்லை, அவளும் அதற்குமேல் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். வாய் இருந்தவள்தானே.

ஆடி பிறந்ததும் ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வந்து துருத்தியை ஊதிக்கொண்டு உட்கார்ந்தார். குப்பம்மாள் வீட்டுப் பித்தளை அண்டாதான் ஊரிலேயே பெரிசு. அம்மன் கோயில் கூழ் அதில்தான் காயும். அதற்கு உள்ளே பளபளவென்று ஈயம் பூசி, வெயிலில் கவிழ்த்து வைத்து, போகிறவர் வருகிறவர்களிடமெல்லாம் குப்பம்மாள் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை கேழ்வரகுக் கூழ் காய்ச்சி ஊருக்கே ஊற்றினாள். சண்டைக்காரி வீட்டுக்கு நேரே வர மானம் இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் கொழுந்தன் சட்டி முன்னால் வெந்து சாகிறானே என்று ஒரு சொம்புக் கூழும், முருங்கைக்கீரையும், நெத்திலிக் கருவாடு வறுத்ததும் புருஷன் கையில் கொடுத்தனுப்பினாள். துளசிராமன் ஆசையாகக் குடித்தான். அன்றைக்கு ராத்திரியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான்.

"ஊருக்கெல்லாம் அண்டாவுல ஊத்துனா. உனுக்கு மட்டும் எதுக்குத் தனியா சொம்புல?" என்றாள் குணசுந்தரி.

"அண்ணி பாசமா குட்தனுப்புச்சிடி."

"பாசம். நமக்குப் புள்ள கெடையாது. நீ போய்ட்டா இந்த நெலம் யாருக்கு? அவ புள்ளைங்களுக்கு. மருந்து வெச்சிட்டா மாமா. நீ வோணா பாரு."

மருந்து வைப்பதென்றால் சோற்றில் எதையாவது கலந்து கொடுத்து ஆளை அணு அணுவாக உருக்குவது. அதை எடுக்கிறவர்களும் உண்டு. திருவாலங்காட்டுப் பக்கம் ஒருவரிடம் ரயில் மாறிக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, கறுப்பாக மயிர்ச்சுருள் ஒன்றைத் துப்பிக் காட்டினார். குணசுந்தரிக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வயிறு எரிந்தது, கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. நான் சொன்னேன் பார்த்தாயா என்கிற சந்தோஷம். அதைப் போலப் பொல்லாதது கிடையாது.

மருந்தை எடுத்தும் வலி போகவில்லை. முகம் வெளுத்தது. சோற்றைக் கண்டால் குமட்டல். கார்த்திகை மழையில் ஒருநாள், சட்டி முன்னால் நிற்கும்போது, கரண்டி பிடித்த வலது கை மணிக்கட்டோடு தொங்கிப்போனது. தூக்கப் பார்த்தான், வரவில்லை. கரண்டி சட்டிக்குள் போய்விட்டது. அதற்காக மேஸ்திரி முதலில் திட்டினான், பிறகுதான் கையைப் பார்த்தான்.

கம்பெனிக்காரர்களுக்கு என்று கார்டு காட்டினால் பார்க்கிற ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. கார்டு ஆஸ்பத்திரி என்பார்கள். அங்கே டாக்டர் கிருஷ்ணஸ்வாமி. திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். நெற்றியில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கீற்று, கையில் ரயில் சீசன் பாஸ். அவர் துளசிராமனின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு ஓரமாக நீலக் கோடு ஓடியது.

"எங்கேப்பா வேலை?"

"பேட்டரி கம்பெனி சார். சட்டி வேலை."

"நெனைச்சேன். ஈயம் ஒன் ஒடம்புல ஏறிடுத்து. நீ காய்ச்சறியே, அந்த ஈயம்தான். வேலையால வந்த வியாதின்னு போர்டு ஒத்துண்டா, கை திரும்பாட்டாலும் ஆயுசுக்கும் ஒனக்கு மாசப்படி வரும். கவலைப்படாதே."

இந்தப் பேச்சு நடந்தபோது குணசுந்தரி வெளியே தள்ளுவண்டியில் அவனுக்கு இட்டிலி வாங்கிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தவளிடம் டாக்டர் நடந்துகொண்டே சொன்னது இவ்வளவுதான்: "விஷம்மா. ஈய விஷம். நாழியாயிடுத்து, ரைட்டர் கூப்பிட்டா ஒண்ணு ரெண்டு கேப்பார், பதில் சொல்லிடு." அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பேட்டரி கம்பெனி ஆளுக்கு ஈயம் எங்கிருந்து வந்தது என்று தனியாக எழுத வேண்டுமா என்ன என்று அவர் நினைத்திருப்பார். படித்தவர்கள் எழுதாமல் விடுகிற இடம் இதுதான்.

விஷம் என்ற சொல் ஒன்றே குணசுந்தரிக்குப் போதுமாக இருந்தது.

ரைட்டர் பாக்கியநாதன் நல்ல மனுஷர். வேலையில் ஒரு புள்ளி பிசகாதவர். டாக்டர் எழுதுகிற வியாதியை நம்பராக மாற்றுவது அவர் உத்தியோகம். தடித்த ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"குந்தும்மா. பேஷண்டுக்கு நீ இன்னா ஆவணும்?"

"ஊட்டுக்காரரு சார்."

"சரி. காச்சல், இருமல்னா ஒரே நம்பருதான். எழுதிட்டு போய்க்கினே இருப்பேன். விஷம்னா அப்டி இல்ல. ஒரே சீக்குக்கு ரெண்டு நம்பரு போடணும். இன்னா விஷம்னு ஒண்ணு. அது எப்டி உள்ள போச்சுன்னு ஒண்ணு. மொத நம்பரு டாக்டரு சொல்லிட்டாரு, ஈயம். ரெண்டாவது நம்பரு நீதான் சொல்லணும்."

"நானா?"

"பேஷண்டு வலியில கெடக்கறாரு. ஊட்டு ஆளுங்கள கேட்டு எழுதலாம்னு ரூலு கீது. எப்டிம்மா போச்சு?"

"மருந்து வெச்சிட்டாங்க சார்."

பாக்கியநாதன் பேனாவை எடுத்தார். "யாரு?"

"அவுரு அண்ணி. ஆடிக் கூழ்ல."

"பாத்து சொல்லும்மா. ஈயம்னு எழுதிகீறாரு. அவுங்க ஊட்ல ஈயம் ஏது?"

குணசுந்தரிக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அவளுக்குத் தெரிந்த ஈயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். "அய்யோ சார், அண்டா கீதே. அந்த வாரந்தான் ஈயம் பூசுனா. ஊர்ல எல்லார்கிட்டயும் காட்னா. அதுலதான் காச்சுனா. அதத்தான் கலந்து வெச்சிருக்கா பாவி."

அண்டாவுக்குப் பூசுவது வெள்ளீயம். அது ஒன்றும் செய்யாது. சட்டியில் காய்வது காரீயம். அது ஆளைத் தின்னும். ஆரம்பாக்கத்து வாயில் இரண்டுக்கும் ஒரே பேர்தான். ரைட்டர் வாயிலும் அப்படித்தான். அவர் புத்தகத்தைப் புரட்டி, விரலை ஓட்டி, ஒரு வரியில் நிறுத்தினார். எழுதி முடித்துவிட்டு வாசித்தும் காட்டினார்.

"வீட்டில், உறவினர் கையால், உணவில் கலந்து. இதானே?"

"அதேதான் சார்."

"கைநாட்டு வெய்யி."

வைத்தாள். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கட்டை விரலில் மை ஆறுவதற்குள் அவளுக்குக் கொஞ்சம் பயம் வந்தது. போலீஸ், கோர்ட்டு என்று ஆகிவிடுமோ என்று. பிறகு வாய்க்கால் வரப்பில் குப்பம்மாள் தன்னை மலடி என்றது ஞாபகம் வந்தது. பயம் போய்விட்டது.

வார்டுக்குத் திரும்பினால் துளசிராமன் சிரித்த முகமாக இருந்தான். "வேலையால வந்த சீக்குன்னு ஒத்துக்குனா ஆயுசுக்கும் படியாம். டாக்டரு சொன்னாரு. நீ எதுக்கும் அலைய வேணாம்டி."

பாக்கியநாதனிடம் சொன்னதை அவள் அவனிடம் சொல்லவில்லை. அண்ணியைச் சொன்னால் சாமி ஆடுவான். கை தொங்கியது வேலையால், வயிற்றுவலி விஷத்தால், இரண்டும் வேறு வேறு என்றுதான் நினைத்தாள்; அவனுக்குப் படியும் வரட்டும், குப்பம்மாளுக்குத் தண்டனையும் வரட்டும் என்று இருந்தாள். பக்கத்துக் கட்டிலில் இருமிக்கொண்டிருந்தவன் பெண்டாட்டி சின்னப்பொண்ணிடம் பெருமை வேறு. "உங்க ஊட்டுக்காரருக்கு ஒரு நம்பருதான போட்டாங்க? எங்களுக்கு ரெண்டு."

"ரெண்டா? அப்போ படியும் ரெண்டா வருமாக்கா?"

"வரும்னுதான் நெனைக்கிறேன்."

போலீஸ் என்று யாரும் வரவில்லை, காகிதம் ஆஸ்பத்திரிக் கட்டிலேயே கிடந்தது. மார்கழியில் டாக்டர் கிருஷ்ணஸ்வாமியைத் தெற்கே எங்கேயோ மாற்றிவிட்டார்கள். தையில் போர்டு கூடியது.

அன்றைக்குக் காலையில் பரசுராமன் வண்டி பிடித்துத் தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தான். தம்பியின் இரண்டாவது கையும் அப்போது தொங்க ஆரம்பித்திருந்தது. கூடவே குப்பம்மாள். கையில் அடுக்குக் கேரியர். அவளாக வந்து அவளாகவே பேச்சை ஆரம்பித்தாள்.

"சுந்தரி, எறா தொக்கு வெச்சிகீறேன். அங்க எந்நேரம் ஆவுமோ. அவுருக்கு நீ ஊட்டிவுடு. பழசெல்லாம் மனசுல வெச்சிக்காத."

குணசுந்தரி கேரியரை வாங்கவில்லை. குப்பம்மாளே அதைத் தூக்கிக்கொண்டு புருஷனோடு ரயிலேறினாள். குணசுந்தரி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். எளாவூர் தாண்டும்போது, இவள் ஏன் இன்றைக்குத் தொக்கு வைக்கிறாள், பயந்துவிட்டாளா என்று யோசித்தாள். அவள் புத்தி அந்தத் தடத்தை விட்டு இறங்கவே இல்லை.

போர்டு என்றால் மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். பக்கத்து நாற்காலியில் கம்பெனி ஆபீசர் ஜெயராஜ். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. சத்தம் போடாத ஆளிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"சார், மொத நம்பரை நாங்க மறுக்கல. ஈய விஷம்தான். பாவம், கஷ்டப்படறார். ரெண்டாவது நம்பரை மட்டும் வாசிச்சிடுங்க."

நடுவில் இருந்த அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "வீட்டில், உறவினர் கையால், உணவில் கலந்து. தகவல் தந்தவர் மனைவி. விவரம்: கணவரின் அண்ணி, ஆடிக் கூழ், ஈயம் பூசிய அண்டா."

துளசிராமன் மெல்லத் தலையைத் திருப்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"இன்னாடி சொல்லி வெச்சிகீற?"

"ஈயம்னாங்க. விஷம்னாங்க. அவ அண்டாவுல..."

"பிளேட்டுதாண்டி ஈயம்" என்றான் அவன். "நான் காச்சறேனே, அதாண்டி ஈயம்."

அவளுக்கு வாய் உலர்ந்துவிட்டது. ஆரம்பாக்கமே அஞ்சுகிற வாய். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "சார், எனுக்குத் தெரியாம சொல்லிட்டேன். அத்த அடிச்சிடுங்க. கம்பெனிதான் சார். பொகைதான் சார்."

ஜெயராஜ் வருத்தமாகத் தலையை ஆட்டினார். "படி கெடைக்குதுன்னு தெரிஞ்சதும் மாத்திச் சொல்றாங்க சார். அன்னிக்கு மனசுல பட்டதைச் சொன்னாங்க. இன்னிக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க."

பாக்கியநாதனைக் கூப்பிட்டார்கள். வந்தார், காகிதத்தைப் பார்த்தார், குணசுந்தரியையும் பார்த்தார். "ஆமா சார். கேட்டுத்தான் எழுதினேன். வாசிச்சும் காட்டினேன். கைநாட்டு இருக்கு." அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

கதவோரம் நின்றிருந்த குப்பம்மாள் அப்போதுதான் வாய் திறந்தாள். "அந்த அண்டாவுலதான் ஊருக்கே ஊத்துனேன் சார். என் புள்ளைங்க குட்ச்சிது. நானும் குட்ச்சேன்."

ஓரத்து அதிகாரி சிரித்துக்கொண்டே, "அப்போ உனக்கும் ஒரு நம்பர் போட்டுடலாமா?" என்றார். மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்து முடித்துவிட்டு எழுதினார்கள். வேலையால் வந்த வியாதி அல்ல. படிக்கு இடமில்லை.

வெளியே வேப்பமரத்தடிக்கு வந்ததும் குப்பம்மாள் கேரியரை ஒவ்வொரு அடுக்காகக் கழற்றினாள். சோற்றைக் கொட்டினாள். எறா தொக்கைக் கொட்டினாள். ரசத்தைச் சாய்த்தாள்.

"அக்கா" என்றாள் குணசுந்தரி.

"இதுலயும் கலந்திருப்பேன். காக்கா துன்னட்டும்."

"அக்கா, எனுக்கு இன்னான்னு தெரியலக்கா."

"தெரியாததுக்கா என் பேரு கவுருமெண்டு காயிதத்துல ஏறிச்சி? நீ என்னைத் திட்டியிருந்தா நானும் திட்டிட்டுப் போய்கினு இருப்பேன். கொலகாரின்னு கைநாட்டு வெச்சிட்டியேடி." பிறகு புருஷனிடம் சொன்னாள். "இனிமே உங்க தம்பி ஊட்டு வாசப்படி ஏறுனா நான் கெணத்துல உழுந்துடுவேன்."

பரசுராமன் தம்பியின் தோளைத் தொட்டான். பிறகு பெண்டாட்டிக்குப் பின்னால் போனான். காக்கைகள் இறங்கித் தொக்கைத் தின்றன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. குணசுந்தரி பார்த்துக்கொண்டே நின்றாள்.

மேட்டு நிலத்தில் அந்த வருஷமும் ஒன்றும் விளையவில்லை. கம்பெனி அவனைக் கணக்கு முடித்து அனுப்பியது. கேட்டில் போய் அழுதவளிடம் காண்ட்ராக்ட்காரன் இரக்கப்பட்டு, பேட்டரி உடைக்கிற இடத்தில் சேர்த்துக்கொண்டான். காண்ட்ராக்ட் ஆளுக்குக் கார்டு கிடையாது, நம்பரும் கிடையாது. பகலெல்லாம் சுத்தியலால் அடித்து, கறுப்பு ஓட்டைப் பிளந்து, பிளேட்டைக் கையால் உருவிப் போட வேண்டும். முதல் நாளே பக்கத்தில் உடைத்துக்கொண்டிருந்த செண்பகத்திடம் கேட்டாள்.

"கை கழுவத் தண்ணி இல்லியா?"

"கொழா கீது. ஆபீசுல. அவுங்க கழுவ" என்றாள் செண்பகம்.

மறுபடி ஆடி வந்தது. அம்மன் கோயிலில் அதே அண்டாவில் கூழ் காய்ந்தது. ஊரே போய்க் குடித்தது. குணசுந்தரி அந்தப் பக்கம் போகவில்லை. யாரும் சொம்பு கொடுத்தனுப்பவும் இல்லை. வேலை விட்டு வந்து அவளே களி கிண்டினாள், கருவாட்டைச் சுட்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த புருஷன் எதிரில் தட்டை வைத்துக் குந்தினாள். அவனுடைய இரண்டு கையும் மடியில் கிடந்தன. கோயில் உடுக்கைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

களியை உருட்டி வாய்க்குக் கொண்டுபோனாள். அவன் வாயைத் திறக்காமல் அவள் கையைப் பார்த்தான்.

"கழுவினியா?"

"சீக்கா போட்டுக் கழுவினேன் மாமா. சாம்பல் போட்டும் தேச்சேன்."

விளக்கு வெளிச்சத்தில் நகக்கண்ணில் சாம்பல் நிறம் தெரிந்தது. ரேகைக்குள்ளும் இருந்தது. அவள் உற்றுப் பார்த்தாள், அவனும் பார்த்தான். பிளேட்டு என்றால் என்ன என்று இப்போது இரண்டு பேருக்குமே தெரியும்.

"அந்த ரைட்டரு இன்னா எழுதினாரு? சொல்லு பாக்கலாம்."

அவள் களி உருண்டையை மறுபடி உருட்டினாள்.

"வீட்டில், உறவினர் கையால், உணவில் கலந்து" என்று அவனே சொன்னான். திட்டுகிற குரல்கூட இல்லை. "அன்னிக்குப் பொய்யி. இப்பத்தான்டி அந்த ரெண்டாவது நம்பரு சரியாச்சு."

சொல்லிவிட்டு வாயைத் திறந்தான். அவள் ஊட்டினாள். ஊட்டுவதற்கு அந்த வீட்டில் வேறு கை இல்லை.